ஓசையக்காவின் ஏழு கொலைகள்

மூன்றாவது முட்டைக்கோஸைக் குத்திக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

ஓசையக்காவுக்கு எரிச்சலாக வந்தது. முதல் இரண்டும் சரியாகக் குத்துப்படவில்லை. ஒன்று ரொம்பக் கெட்டி. சுவரில் ஆணி அடிப்பது போலிருந்தது. இன்னொன்று வாடல், தலையணையைக் குத்துவது போலிருந்தது. இதுதான் முதலில் ‘சரக்’ என்றும் பிறகு ‘சதக்’ என்றும், கேட்கிறவர் வயிற்றைப் பிசைகிற மாதிரி கத்தியை வாங்கிக்கொண்டிருந்தது. நல்ல முட்டைக்கோஸ் அமைவது நல்ல நடிகர் அமைவது மாதிரி. அந்த நேரம் பார்த்தா மணி அடிக்க வேண்டும்?

மைக்கை அணைத்துவிட்டு, கையில் கத்தி இருப்பதை மறந்து, போய்க் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டம்மா நின்றிருந்தாள். ஓசையக்கா இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. கீழ்வீட்டம்மா மாடியேறி வந்தது இதுதான் முதல் தடவை. படிக்கட்டில் எதிரே வந்தால்கூட, பைக்குள் சாவி தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டே கடந்துபோகிறவள்.

“என்னம்மா சத்தம் அது? காலையிலேர்ந்து தொப்பு தொப்புன்னு... எங்க வீட்டு விளக்கெல்லாம் ஆடுது.”

“சமையல்,” என்றாள் ஓசையக்கா.

“சமையலா?”

“முட்டைக்கோஸ். கொஞ்சம் கெட்டி.”

கீழ்வீட்டம்மா கத்தியைப் பார்த்தாள். பிறகு வாசலோரம் கிடந்த ஆண்பிள்ளை ஷூவைப் பார்த்தாள்.

“வீட்டுக்காரர் இல்லையா?”

“இருக்கார்... இல்ல, ஊருக்குப் போயிருக்கார்.”

“ஷூ இங்க கிடக்கே?”

“வேற போட்டுட்டுப் போனார்.”

“எப்பப் போனார்? நான் ஜன்னலுக்குப் பக்கத்துலயேதானே உக்காந்திருப்பேன். பார்க்கலையே.”

“விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார். அடுப்புல வேலை இருக்கு, வரட்டுமா?” என்று ஓசையக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லக் கூடாது என்பதுதான் சிக்கல்.

ஓசையக்கா சினிமாவுக்குச் சத்தம் போடுகிறவள். திரையில் ஆள் நடந்தால் காலடி, கதவு திறந்தால் கிரீச், கன்னத்தில் அறைந்தால் பளார் என்று, படம்பிடிக்கும்போது சரியாக விழாத சத்தங்களையெல்லாம் பிற்பாடு ஓர் அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே, கைக்குக் கிடைத்ததை வைத்து உண்டாக்குவது அவள் தொழில். ஸ்டுடியோவில் அத்தனை பேருக்கும் அவள் ஓசையக்காதான். கட்டடத்தில் யாருக்கும் அவள் எதுவும் இல்லை.

இப்போது வந்திருந்தது ஒரு கொலைகாரனைப் பற்றிய படம். பெரிய நகரத்தில், அடுக்குமாடி வீடு ஒன்றில், தன்னந்தனியாக இருக்கிறவன். பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால் வாசலுக்கு வருகிறவர்களை, பார்சல் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்கிறவர், ஓட்டுக் கேட்கிறவர் யாராயிருந்தாலும், உள்ளே கூப்பிட்டுக் கொன்று, குளிப்பாட்டி, தலைவாரி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, ஒண்ணுமே சாப்பிடலையே” என்று உபசரிக்கிறான். பார்க்கிறவர்கள் தியேட்டரில் சிரிக்கவும் வேண்டும், வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவும் வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. மொத்தம் ஏழு கொலை.

ஸ்டுடியோவில் ஏ.சி. பழுதாகி, மேடேறுகிற லாரி போல உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலுக்கு நடுவே கத்தி இறங்குகிற சத்தத்தைப் பதிவு செய்ய முடியாது. இயக்குநர் மைக்கையும் மற்ற கருவிகளையும் அவள் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

“அக்கா, இந்த வாரத்துக்குள்ள வேலை முடிஞ்சாகணும். கதையில ஒரு வரி வெளிய போச்சுன்னாலும் தயாரிப்பாளர் என்னைக் கொன்னுடுவார். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க.”

“நான் எதுக்குத் தம்பி வாயைத் திறக்கறேன்? இங்க என்கிட்ட பேசறதுக்கு யார் இருக்கா?” என்று அவளும் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்காரர் ஊருக்குப் போனது உண்மைதான். லிஃப்ட் பொருத்துகிற கம்பெனியில் வேலை. புதுக் கட்டடம் எங்கே எழும்பினாலும் போய்விடுவார். ஆனால் இந்தத் தடவை சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது கொலையில் பிணத்தை மடக்கிப் பெட்டியில் அடைக்கிற காட்சி வருகிறது. அதற்காக அவர் ஊருக்கு எடுத்துவைத்திருந்த பெட்டியில் ஓசையக்கா அரை மூட்டை அரிசியை அமுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து மூடிப் பார்த்தாள். பூட்டு தெறித்துவிட்டது.

“இந்த வீட்ல எனக்குன்னு ஒரு சாமானாவது முழுசா இருக்கா? கோட்டைக் கிழிச்சே. குடையை ஒடிச்சே. இப்பப் பெட்டி!” என்று அவர் படிக்கட்டில் நின்று கத்தினார்.

“ஆமா, ஒடிச்சேன்! இன்னும் ஒண்ணுதான் பாக்கி. வாயை மூடலைன்னா அதையும் ஒடிச்சுடுவேன்!” என்று இவளும் கத்தினாள்.

கட்டடத்தில் அத்தனை கதவும் ஒரு விரற்கடை திறந்து மூடிக்கொண்டன. மறுநாள் விடியும் முன்பே அவர் துணிப்பை ஒன்றில் நாலு உடுப்பைத் திணித்துக்கொண்டு, வேலைக்குப் போடுகிற பூட்ஸை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார். போன் பண்ணவில்லை. அவராகப் பண்ணட்டும் என்று இவளும் பண்ணவில்லை.

கீழ்வீட்டம்மாவின் விளக்கு ஆடக் கூடாது என்று ஓசையக்கா கடையைக் குளியலறைக்கு மாற்றினாள். அங்கே போன பிறகுதான் இத்தனை நாள் வராமல் போனோமே என்றிருந்தது. ஓடு பதித்த சுவரில் சத்தம் எதிரொலித்துத் திரும்பி வந்தது. ஈரத்துணியில் முள்ளங்கியைச் சுற்றி முறுக்கினால் கழுத்தெலும்பு முறிந்தது. தர்பூசணியைக் கையால் பிளந்தால்... அதை விவரிக்க வேண்டாம்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று. அந்தக் கட்டடத்தில் எல்லாக் குளியலறை ஜன்னல்களும் ஒரே குறுகலான சந்தில்தான் திறந்தன. மேல் மாடியில் தும்மினால் கீழ்வீட்டில் ‘நூறு வயசு’ என்று வாழ்த்தலாம்.

“அக்கா, ரெண்டாவது ஆள் ரொம்பச் சீக்கிரம் செத்துட்டான்,” என்றார் இயக்குநர் போனில். ஓசையக்காவின் கையெல்லாம் தர்பூசணி. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். “ஆற அமரச் சாகணும். ரசிச்சுச் சாகணும்.”

“சரி தம்பி, இன்னொரு தடவை கழுத்தை அறுத்துப் பார்க்கறேன்.”

“கடைசி மூச்சு வேற சரியா வரல.”

“அதுக்கு எங்க வீட்டுக்காரர் இருக்கார்.”

இருந்தார். அவருடைய குறட்டையை வருஷக்கணக்காகப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு படத்தில் அது கரடியாக உறுமியிருக்கிறது; ஒரு படத்தில் கப்பலாக மூழ்கியிருக்கிறது. அதை இழுத்து, வெட்டி, நடுவில் ஷாம்பூவில் உறிஞ்சுகுழலை வைத்து ஊதிய கொப்பளிப்பையும் சேர்த்தபோது, கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குரல் கர்ரென்று இழுத்து, களகளத்து, அடங்கியது. திருப்தியில்லாமல் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அன்று மத்தியானம் வீட்டுக்காரர் ஒன்பது தடவை செத்தார்.

சாயங்காலம் கீழ்வீட்டம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

“எங்க குளியலறை மேல்தளத்துல ஒழுகுதும்மா.”

“ஐயோ, அப்படியா!”

“சிவப்பா.”

ஓசையக்கா தன் கையைப் பார்த்தாள். தர்பூசணிச் சாறு ஓட்டு இடுக்கில் இறங்கியிருக்கிறது. “அது... வந்து... சாயம். துணிக்குச் சாயம் போட்டேன்.”

“எதுவா இருந்தா என்ன. நான் துடைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.” முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “பிளீச்சிங் பவுடர். தண்ணி மட்டும் ஊத்தினா போகாது.”

சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள். ஓசையக்கா பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மேல்வீட்டிலிருந்து ஒழுகினால் இந்த நகரத்தில் சண்டைக்கு வருவார்கள். பிளீச்சிங் பவுடரோடு வந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு இயக்குநர் இன்னொரு சங்கடத்தைக் கொடுத்தார். ஆறாவது கொலைக்குப் பிறகு ஒரு காட்சி. கொலைகாரன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். சுற்றிலும் ஆறு பிணம். வசனமில்லை, இசையில்லை.

“இங்க தனிமைக்கு ஒரு சத்தம் வேணும் அக்கா.”

“தனிமைக்கு ஏது தம்பி சத்தம்?”

“அதான் எனக்கும் தெரியல. கடிகாரம், குழாய் சொட்டறது இதெல்லாம் வேணாம். எல்லாப் படத்துலயும் வந்துடுச்சு.”

என்னென்னமோ செய்து பார்த்தாள். காலி டப்பா, நூல், அட்டைப்பெட்டி. ஒன்றும் சரிப்படவில்லை. பசித்தது. தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மைக்கை அணைக்க மறந்திருந்தாள். எதிரே வீட்டுக்காரரின் நாற்காலி. கரண்டி தட்டில் பட்டது. தண்ணீர் ஊற்றினாள். பாதியில், பழக்கத்தில், எதிர்ப்பக்கம் இருந்த தட்டை இழுத்துப் பரிமாறப் போய், நிறுத்தி, தட்டைத் திரும்ப நகர்த்தி வைத்தாள்.

பதிவானதை அப்படியே அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். வழக்கமாகக் கத்துகிறவர் மெதுவாகப் பேசினார்.

“இதான் அக்கா. இதை எப்படிப் பண்ணீங்க?”

“சாப்பிட்டேன் தம்பி,” என்றாள் ஓசையக்கா.

மறுநாள் வெட்டுப்பட்ட காய்கறியெல்லாம் கறுப்புப் பை நிறைய சேர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பையின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது. கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆறு வருஷத்தில் அவர் ஓசையக்காவுக்காக அந்த நாற்காலியைவிட்டு எழுந்ததே இல்லை. இப்போது எழுந்தது மட்டுமில்லை, சல்யூட் அடித்தார்.

“கொடுங்கம்மா. நான் போட்டுடறேன்.”

“கனமா இருக்கும்பா.”

“இருக்கும்மா. ஆள் கனம் இருக்கு,” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை வாங்கினார். “நான் எதையும் பார்க்கலம்மா. எனக்கு ரெண்டு புள்ளைங்க.”

அவருக்குப் பிள்ளைகள் இருப்பது ஓசையக்காவுக்கு அப்போதுதான் தெரியும். “நல்லா இருக்காங்களா?” என்று விசாரித்தாள். வாட்ச்மேன் பையோடு ஓடியே போனார்.

ஐந்தாவது கொலையில் கத்தி மழுங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு டீச்சர் இருந்தாள். வாய்விட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறாளோ! அவளுடைய கணவர், அச்சகத்தில் பிழைதிருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர், அவளுக்கும் சேர்த்துப் பேசுவார்.

“ஒரு நல்ல கத்தி கிடைக்குமா? கூரா இருந்தா நல்லது. சாயங்காலம் திருப்பித் தந்துடறேன்.”

டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய், இருந்ததிலேயே பெரிய கத்தியை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். “திருப்பித் தர வேணாம்,” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அதே போல, உடைந்த பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்ததில் சத்தம் சரியாக வராமல், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய், சக்கரம் வைத்த பெட்டி இருக்குமா என்று கேட்டாள். செயலாளர் கறாரான மனுஷர். ஈரத்துணியை எந்தப் பக்கம் காயப்போட வேண்டும் என்பதற்குக்கூட அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். நல்லவேளை, அவர் வீட்டில் இல்லை. மனைவி இருந்தாள்.

“எவ்வளவு பெருசு வேணும்?” என்றாள் செயலாளரம்மா.

“ஒரு ஆள் உள்ள அடங்கற மாதிரி இருந்தா சௌகரியம்,” என்று தொழில் நினைப்பில் சொல்லிவிட்டாள் ஓசையக்கா.

செயலாளரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து பெரிய பெட்டி ஒன்று இறங்கி வந்தது. “நீங்களே வச்சுக்குங்க.”

ஓசையக்கா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். மனசுக்குள் ஒரு நெகிழ்ச்சி. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போன நேரத்தில் ஊரே உறவாகிவிட்டதே!

மறுநாள் மத்தியானம் மூன்று பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். கீழ்வீட்டம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். மூவரும் சோபாவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓசையக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. இந்தச் சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. டீ போட்டாள். வீட்டில் இரண்டு கோப்பைதான் இருந்தது. மற்றவற்றைக் கண்ணாடி உடைகிற காட்சிகளில் உடைத்தாகிவிட்டது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

“எங்களுக்கு எல்லாம் தெரியும்மா,” என்றாள் கீழ்வீட்டம்மா. “பயப்படாதீங்க. வெளிய சொல்லமாட்டோம்.”

ஓசையக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. படம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்! தான் எதையும் சொல்லவில்லை. அவர்களாகக் கண்டுபிடித்தால் தயாரிப்பாளர் என்ன செய்ய முடியும்?

“சத்தியமா சொல்லக் கூடாது. விஷயம் வெளிய போனா என் கதி அதோகதி.”

“உயிரே போனாலும் சொல்லமாட்டோம்,” என்று செயலாளரம்மா சொல்லிவிட்டு, உயிர் என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது... புதுசா உங்களுக்கு?” என்றாள் கீழ்வீட்டம்மா.

“இதுவா? இருபது வருஷமாச்சு. முதல் தடவைதான் கை நடுங்கிச்சு. ராத்திரி சாப்பாடே இறங்கல. அப்புறம் பழகிடுச்சு.”

“எத்தனை... இதுவரைக்கும்?”

“கணக்கு வச்சுக்கல. இந்த வாரம் ஏழு. அதுல ஆறு முடிஞ்சுது.”

மூன்று டம்ளரும் ஒரே நேரத்தில் மேஜையில் இறங்கின.

“ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?”

“பெரும்பாலும் ஆம்பளைங்கதான். ஆம்பளைங்கன்னா சத்தம் நல்லா எடுப்பா வரும்.”

“வலி... ரொம்ப இருக்குமா, அவங்களுக்கு?”

“எல்லாம் நம்ம கைலதான் இருக்கு. நெனைச்சா ஒரே வெட்டுல முடிக்கலாம். கேக்கறவங்க விருப்பம்தான். இழுத்துப் பண்ணுன்னா இழுத்துப் பண்ணுவேன்.”

டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“உங்க வீட்டுக்காரர்?”

“அவரா?” ஓசையக்கா பெருமூச்சுவிட்டாள். “அவர்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. அவர் மூச்சு இல்லைன்னா எனக்கு இந்தத் தொழிலே இல்ல. குளியலறையில கொண்டுவந்து போட்டேன், எவ்வளவு பிரமாதமா இருந்தார் தெரியுமா?”

மூன்று பேரும் எழுந்துகொண்டார்கள். வாசல்வரை போய், கீழ்வீட்டம்மா திரும்பி வந்து, ஓசையக்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தலில் ஓசையக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வினை செயலாளர் ரூபத்தில் வந்தது. அவர் தன் பெட்டியைத் தேடினார். மனைவி உளறினாள். அவர் குளியலறை ஜன்னலருகே காதை வைத்துக்கொண்டு நின்றார். “ஏழாவது ஆளையும் இன்னிக்கே முடிச்சுடறேன் தம்பி,” என்ற குரல் சந்து வழியாக இறங்கி வந்தது. போலீஸுக்குப் போன் போட்டார்.

ஓசையக்கா அப்போது கடைசிக் கொலையில் மும்முரமாக இருந்தாள். வீட்டுக்காரரின் கிழிந்த கோட்டுக்குள் அரிசியை அடைத்து, ஈரம் பண்ணி, குளியலறைத் தரையில் கிடத்தியிருந்தாள். கதவைத் திறந்தபோது முழங்கை வரை சிவப்பு. எதிரே ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும். அவர்களுக்குப் பின்னால் செயலாளர், டீச்சரின் கணவர், வாட்ச்மேன், மூன்று பெண்கள், இன்னும் படிக்கட்டு நிறைய ஜனம். ஆறு வருஷத்தில் இவ்வளவு பேர் அவள் வாசலுக்கு வந்ததில்லை.

“உங்க மேல ஒரு புகாரு வந்திருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“புகார்,” என்றார் டீச்சரின் கணவர் பின்னாலிருந்து. “கடைசியில உகரம் கிடையாது.”

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். “உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“ஊர்ல.”

“எந்த ஊர்ல?”

ஓசையக்காவுக்குத் தெரியவில்லை. சண்டையில் கேட்டுக்கொள்ளவில்லை. “லிஃப்ட் மாட்டற ஊர்ல.”

“போன் போடுங்க.”

வேறு வழியில்லை. வீம்பை விட்டு, இன்ஸ்பெக்டரின் போனை வாங்கி அவர் நம்பரைப் போட்டாள்.  மணி அடித்தது. அடித்தது வீட்டுக்குள்ளேயே. கயிறு போட்டுக் கட்டி மூலையில் சாத்தியிருந்த பெட்டிக்குள்ளிருந்து.

படிக்கட்டில் யாரோ “ஐயோ” என்றார்கள். வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு காவலர் கயிற்றை அறுத்தார். பெட்டி வாய் பிளந்தது. அரிசி கொட்டியது. உள்பையிலிருந்து அவருடைய பழைய பட்டன் போன், ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க நிற்கிற ஜாதி, அரிசிமேல் உருண்டு விழுந்து கதறியது. போனைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பெட்டியை இவளிடம் பறிகொடுத்துப் போயிருக்கிறார் மனுஷர். கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு காவலர் குளியலறையைத் திறந்துவிட்டு, “சார்!” என்று பின்வாங்கினார்.

“என்னய்யா?”

“கோட்டு போட்டு ஒரு ஆள். தலை இல்ல.”

“அரிசி!” என்று கத்தினாள் ஓசையக்கா. “அது அரிசி! எல்லாம் அரிசிதான்!”

அந்த நேரம் பார்த்து, ஜன்னல் திட்டில் ஸ்பீக்கரோடு அணைக்காமல் விட்டிருந்த அவளுடைய போனில் இயக்குநரின் குரல் உற்சாகமாக ஒலித்தது. “அக்கா! ஆள் முடிஞ்சுதா? பொணத்தை எப்ப அனுப்பறீங்க?”

அதற்குப் பிறகு ரகசியம் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. ஓசையக்கா கணினியைத் திறந்து படத்தை ஓட்டினாள். முதலில் சத்தமில்லாமல்: கொலைகாரன் கத்தியை ஓங்குகிறான், இறக்குகிறான், ஏதோ தபால்தலை ஒட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு புது முட்டைக்கோஸ் ஒன்றை எடுத்து, திரையைப் பார்த்துக்கொண்டே, டீச்சர் கொடுத்த கத்தியால் ‘சரக்... சதக்’ என்று இறக்கினாள். இரண்டு காவலர்களும் நெஞ்சில் கை வைத்தார்கள். முள்ளங்கியை முறித்தாள். குறட்டையை ஓடவிட்டாள். பார்சல்காரர் ஆற அமரச் செத்தார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். “நானும் ஒரு தடவை குத்திப் பார்க்கலாமா?”

அவர் குத்தினார். சரியாக வரவில்லை. “மணிக்கட்டைத் தளர்த்தணும் சார்,” என்று ஓசையக்கா சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. படிக்கட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர், “போலீஸே நம்பிட்டாங்களா? அக்கா, இதை விளம்பரத்துல போட்டுக்கலாமான்னு அவங்ககிட்ட கேளுங்களேன்!” என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் துணிப்பையோடு, பூட்ஸ் அழுக்காக, வீட்டுக்காரர் உள்ளே வந்தார். போலீஸைப் பார்த்தார். கொட்டிக் கிடந்த அரிசியைப் பார்த்தார். மனைவியின் சிவந்த கையைப் பார்த்தார்.

“இன்னும் எதை ஒடிச்சே?” என்றார்.

ஓசையக்கா கிட்டே போனாள். அவருடைய சட்டையைப் பிடித்து, ஆள் முழுசாக இருக்கிறாரா என்று அவளே சந்தேகப்படுகிற மாதிரி, தோளைத் தொட்டுப் பார்த்தாள். சட்டையெல்லாம் தர்பூசணி ஆனது.

“போனைத் தேடி நாலு நாளா அலையறேன்,” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “உன் நம்பர் எனக்கு மனப்பாடமா தெரியாது. தெரிஞ்சிருந்தா மறுநாளே கூப்பிட்டிருப்பேன். சாப்பிட்டியா?”

“இல்ல.”

“நானும் இல்ல.”

செயலாளர் அசடு வழிந்தார். குளியலறை ஜன்னல்களைப் பற்றி ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். இன்ஸ்பெக்டர் மிச்சமிருந்த முட்டைக்கோஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாட்ச்மேன், ‘அப்ப அந்தப் பையில இருந்தது வெறும் காய்கறியா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, இழந்த தூக்கத்தையெல்லாம் ஈடுகட்டப் போகிறவர் போல நாற்காலிக்குத் திரும்பினார். “கொலைகாரின்னு நெனைச்சுட்டோமே, சிரிப்பா இருக்கு,” என்று ஆண்பிள்ளைகள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு போனார்கள். டீச்சரின் கணவர் மட்டும் நின்று, “கொலைகாரி இல்ல, கொலையாளி. அது ரெண்டு பாலுக்கும் பொது,” என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் குளிக்கப் போனார். அங்கே கிடந்த தன் கோட்டைப் பார்த்து அவர் ஏதோ முனகுவது கேட்டது.

மூன்று பெண்கள் மட்டும் போகவில்லை. நேற்று போலவே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓசையக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர்கள் இனிமேல் வருவார்களா? கொலை இல்லையென்று ஆனதும், மறுபடி பைக்குள் சாவி தேட ஆரம்பித்துவிடுவார்களா?

“இருங்க, டீ போடறேன்,” என்றாள் அவசரமாக.

“வேணாம்மா,” என்றாள் கீழ்வீட்டம்மா. குரலில் சுரத்தே இல்லை.

“எல்லாம் காய்கறிதானா?” என்றாள் செயலாளரம்மா. “ஒண்ணுகூட நிஜம் இல்லையா? இருபது வருஷத்துல?”

“ஒண்ணுகூட இல்லம்மா. எறும்பைக்கூட மிதிச்சதில்ல. உங்களையெல்லாம் ரொம்பப் பயமுறுத்திட்டேன், மன்னிச்சுக்குங்க.”

அவர்கள் முகம் தெளியவில்லை. இன்னும் வாடிப்போனது. ஓசையக்கா குழம்பிப்போய், எதிரே மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சே, இன்னும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்தான் வாய் திறந்தாள்.

“நேத்து இங்கேர்ந்து போனதும், யாரை முதல்ல உங்ககிட்ட அனுப்பறதுன்னு மூணு பேர் வீட்டுக்காரங்க பேரையும் எழுதிக் குலுக்கிப் போட்டோம், ஜன்மத்துல எதுலயும் எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சதில்ல, இதுல முதல் சீட்டே எங்க வீட்டுக்காரருக்கு விழுந்திருந்துதும்மா.”